டிஜே கன்ட்ரோலர் மாத்தப் போறீங்களா? விக்கிரவாண்டி டூ புதுச்சேரி... கிளப் மேடைக்கு எது சரி? முழு விவரம்

விக்கிரவாண்டி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது டோல்கேட்டும், நெடுஞ்சாலை ஓட்டல்களும்தான். ஆனால் டிஜே வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இந்த ஊர் ஒரு முக்கியமான சந்திப்பு. வடக்கே திண்டிவனம் வழியாக சுமார் 150 கிலோமீட்டரில் சென்னை. தெற்கே கொஞ்ச தூரத்தில் விழுப்புரம், அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் புதுச்சேரி. கும்பகோணம், தஞ்சாவூர் போகும் சாலையும் இங்கேதான் பிரிகிறது. வெள்ளிக்கிழமை கல்யாண ரிசப்ஷன், சனிக்கிழமை புதுச்சேரி கிளப், ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் பார்ட்டி என்று ஒரே கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலை இது.

அந்தக் கருவி திடீரென்று மக்கர் பண்ணினால்? கல்யாண மண்டபத்தில் இரண்டு நிமிஷம் பாட்டு நின்றால் மைக்கில் பேசிச் சமாளித்துவிடலாம். கிளப்பில் அது நடக்காது. டான்ஸ் ஃப்ளோர் காலியானால், அடுத்த வாரம் மேனேஜரிடமிருந்து போன் வராது. அதனால்தான் பழைய கன்ட்ரோலருக்குப் பதில் புதுசு வாங்குவது இவர்களுக்கு ஆசையாகத் தொடங்கினாலும், கடைசியில் பிழைப்பு சம்பந்தப்பட்ட முடிவாக மாறிவிடுகிறது.

எதைப் பார்த்து வாங்கணும்? எங்கே ஏமாறக் கூடாது? எப்போது வாங்கவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

கன்ட்ரோலர் என்றால் என்ன?

பொதுவாக மூன்று வகைக் கருவிகள் இருக்கின்றன. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதுதான் தப்பான செலவுக்கு முதல் காரணம்.

முதலாவது, கன்ட்ரோலர். இரண்டு ஜாக் வீல், நடுவில் மிக்சர், கீழே பட்டன்கள். பார்க்க முழு செட் மாதிரி இருக்கும். ஆனால் பாட்டு ஓடுவது லேப்டாப்பில்தான். லேப்டாப் நின்றால் கன்ட்ரோலரும் நின்றுவிடும்.

இரண்டாவது, ஸ்டாண்ட்அலோன் அல்லது ஆல் இன் ஒன். இதற்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டர் இருக்கும், திரையும் இருக்கும். பென் டிரைவைச் செருகினால் போதும், லேப்டாப் தேவையில்லை.

மூன்றாவது, பெரிய கிளப்களில் இருக்கும் தனித்தனி பிளேயர், தனி மிக்சர். பயோனியர் டிஜே நிறுவனத்தின் சிடிஜே வரிசை பிளேயர்களும் டிஜேஎம் வரிசை மிக்சர்களும்தான் உலகம் முழுக்க கிளப்களில் அதிகம் பார்க்கக் கிடைப்பவை. 2016-ல் வந்த சிடிஜே-2000 நெக்சஸ் 2, 2020-ல் வந்த சிடிஜே-3000 ஆகிய பெயர்களை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்டிருப்பார்கள். பயோனியர் டிஜே பிராண்டை நடத்தும் நிறுவனத்தின் இப்போதைய பெயர் ஆல்ஃபாதீட்டா. சமீப காலக் கருவிகள் சில அந்தப் பெயரிலேயே வருகின்றன. கடையில் புதுப் பெயரைப் பார்த்துவிட்டு டூப்ளிகேட்டோ என்று பயப்பட வேண்டாம்.

முதல் கேள்வி: நிஜமாவே மாத்தணுமா?

கன்ட்ரோலர் போயிடுச்சு என்று நினைக்கும் பல சமயங்களில் போயிருப்பது வேறொன்றாக இருக்கும். பணம் கட்டும் முன் இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்க.

சத்தம் விட்டு விட்டு வருகிறதா? முதலில் யுஎஸ்பி கேபிளை மாற்றுங்க. நடுவில் ஹப் எதுவும் போடாமல் லேப்டாப்பில் நேரடியாகச் செருகுங்க. அப்படியும் கிர்ர் என்று உடைந்தால் மென்பொருளில் பஃபர் அளவைக் கூட்டிப் பாருங்க. 44.1 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால் தாமதம் சுமார் 6 மில்லி செகண்ட். 512 என்றால் சுமார் 12 மில்லி செகண்ட். ஸ்க்ராட்ச் செய்யாதவர்களுக்கு இந்த வித்தியாசம் கையில் தெரியாது. ஆனால் பழைய லேப்டாப்புக்கு அது மூச்சு விட இடம் கொடுக்கும்.

ஃபேடரை முழுசாகக் கீழே இறக்கியும் பாட்டு லேசாகக் கேட்கிறதா? தூசியும் வியர்வையும் உள்ளே இறங்கியிருக்கும். எண்ணெய்ப் பசை இல்லாத கான்டாக்ட் கிளீனர் போட்டாலே சில நேரம் சரியாகிவிடும். ஆகாவிட்டால் ஃபேடரை மட்டும் மாற்றலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் உதிரி பாகமும் வேலை தெரிந்த கைகளும் கிடைக்கும்.

ஹம் என்று ஓர் இரைச்சல் வருகிறதா? லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்க. இரைச்சல் நின்றால் கோளாறு கன்ட்ரோலரில் இல்லை, எர்த்திங் லூப்பில் இருக்கிறது. இதற்காக பிளக்கின் எர்த் பின்னை உடைப்பது, டேப் ஒட்டுவது எல்லாம் உயிருக்கே ஆபத்து. கன்ட்ரோலரிலிருந்து மிக்சருக்குப் போகும் வழியில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது டிஐ பாக்ஸ் போட்டால் போதும்.

அப்படியென்றால் எப்போது மாற்றணும்? யுஎஸ்பி சாக்கெட் போர்டிலிருந்தே ஆடுகிறது, உள்ளே இருக்கும் சவுண்டு கார்டு திரும்பத் திரும்பக் காணாமல் போகிறது, லேப்டாப்பின் புது இயங்குதளத்துக்கு டிரைவர் வருவதே நின்றுவிட்டது... இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அந்தக் கருவியை நம்பி கிளப் மேடை ஏறுவது சரியில்லை. வீட்டில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கிளப்பில் என்ன இருக்கு? முதல்ல அதைக் கேளுங்க

பெரும்பாலானவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இதுதான். நீங்கள் வாசிக்கும் கிளப்பில் சிடிஜே பிளேயர்களும் மிக்சரும் ஏற்கெனவே இருந்தால், அங்கே உங்கள் கன்ட்ரோலரை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சில இடங்களில் அதை வைக்கவே இடம் இருக்காது. முந்தின டிஜே வாசித்துக்கொண்டிருக்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கேபிள் சொருகுவது யாருக்கும் பிடிக்காது.

அந்த மாதிரி இடத்துக்கு இரண்டு பென் டிரைவ், ஒரு நல்ல ஹெட்போன் போதும். அப்போது நீங்கள் வாங்கும் கருவியின் வேலை வேறு. கிளப் பிளேயர் மாதிரியே பட்டன் அமைப்பு உள்ளதாக இருந்து, வீட்டில் கை பழக உதவணும். அதே நேரம் ரிசப்ஷன், லான் பார்ட்டி மாதிரி எதுவும் இல்லாத இடத்தில் தனியாக நிற்கணும்.

ரெஸ்டோபார், சின்ன லவுஞ்ச் வகையில் நிலைமை தலைகீழ். ஸ்பீக்கரும் ஆம்பும் மட்டும்தான் இருக்கும். மற்றதெல்லாம் நீங்கதான் கொண்டு போகணும். ஆகவே கடந்த ஒரு வருஷத்தில் வாசித்த இடங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்க. எத்தனை இடத்தில் கருவி இருந்தது? எத்தனை இடத்தில் இல்லை? அந்த எண்ணிக்கைதான் உங்களுக்கு எது தேவை என்பதைச் சொல்லும். யூடியூப் விமர்சனத்தால் அதைச் சொல்ல முடியாது.

லேப்டாப்பா? ஸ்டாண்ட்அலோனா?

லேப்டாப்பை விட்டுவிடலாம் என்பதுதான் ஸ்டாண்ட்அலோனின் பெரிய கவர்ச்சி. அப்டேட் கேட்காது, நோட்டிஃபிகேஷன் வராது, யாரும் கிளாஸைச் சாய்த்து கீபோர்டை நனைக்க மாட்டார்கள்.

ஆனால் நம்ம ஊருக்கு ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு: கரண்ட்.

ஜெனரேட்டர் மாறும் அந்த ஒரு நொடியில் லேப்டாப் அணையாது, அதில் பேட்டரி இருக்கிறது. லேப்டாப்பிலிருந்தே யுஎஸ்பி வழியாகக் கரண்ட் எடுக்கும் சின்ன கன்ட்ரோலரும் அணையாது. பெரும்பாலான ஸ்டாண்ட்அலோன் கருவிகளில் பேட்டரி கிடையாது. ஒரு நொடி கரண்ட் போனாலும் அவை அணைந்து, மறுபடி தொடக்கத்திலிருந்து எழுந்து வரும். அவ்வளவு நேரமும் மேடை மௌனம். டெனான் டிஜே பிரைம் கோ, ஆல்ஃபாதீட்டாவின் ஆம்னிஸ்-டுவோ மாதிரி பேட்டரி உள்ள மாடல்கள் விதிவிலக்கு. மற்ற ஸ்டாண்ட்அலோன் வாங்குபவர்கள் ஒரு சின்ன யுபிஎஸ் விலையையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். தனி அடாப்டரில் ஓடும் பெரிய கன்ட்ரோலருக்கும் இது பொருந்தும். லேப்டாப் உயிரோடு இருந்தும் பயன் இல்லை. கன்ட்ரோலர் அணைந்தால் சத்தம் போய்விடும்.

விளம்பரம் முன்பக்கத்தைக் காட்டும். நீங்க பின்பக்கத்தைப் பாருங்க

பேட் எத்தனை கலரில் எரிகிறது என்பதைவிட, பின்னால் என்னென்ன சாக்கெட் இருக்கு என்பதுதான் கிளப்பில் முக்கியம்.

மாஸ்டர் அவுட்: ஆர்சிஏ மட்டும் இருந்தால் பக்கத்தில் இருக்கும் மிக்சருக்குச் சரி. 10, 15 மீட்டர் கேபிள் இழுத்தால் இரைச்சல் ஏறும். எக்ஸ்எல்ஆர் இருந்தால் பேலன்ஸ்டு சிக்னல் போகும். நீளமான கேபிளும் பிரச்சினை தராது.

பூத் அவுட்: டிஜே நிற்கும் இடத்துக்கான ஸ்பீக்கருக்குத் தனி வால்யூம். இது இல்லாவிட்டால் ஹாலில் பட்டு எதிரொலித்து தாமதமாக வரும் சத்தத்தைக் கேட்டுத்தான் பீட் சேர்க்கணும். பெரிய ஹாலில் அது வெறும் கஷ்டம்.

மைக்: ரிசப்ஷன் வேலையும் இருப்பவர்களுக்கு இரண்டு மைக் சாக்கெட் தேவை. ஒன்று ஆங்கருக்கு, ஒன்று உங்களுக்கு. பேச ஆரம்பித்ததும் பாட்டு தானாகக் குறையும் டாக்ஓவர் வசதி இருந்தால் நிம்மதி.

இரண்டு யுஎஸ்பி: அடுத்த டிஜே தன் லேப்டாப்பைச் செருகி, பாட்டு நிற்காமல் மாற்றிக்கொள்ள இது உதவும். ஒரே இரவில் இரண்டு மூன்று பேர் வாசிக்கும் இடங்களில் இது பெரிய வசதி.

ஆக்ஸ் இன்புட்: எல்லாம் கைவிட்டால் போனில் இருக்கும் ஒரு மணி நேர மிக்ஸை ஓட விடும் கடைசிக் கதவு. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க வேண்டாம்.

மென்பொருளை மாத்தினா வருஷக்கணக்கு உழைப்பு போயிடுமா?

ரெகார்ட்பாக்ஸ், செராட்டோ, டிராக்டர், விர்ச்சுவல் டிஜே, எஞ்சின் டிஜே... ஒவ்வொரு கருவியும் ஏதோ ஒரு மென்பொருளுக்குச் சொந்தம். சில இரண்டுக்கும் வேலை செய்யும். பிராண்டை மாற்றினால் பாட்டு ஃபைல்கள் அப்படியே இருக்கும். ஆனால் நீங்கள் போட்டு வைத்த கியூ பாயின்ட், லூப், பிளேலிஸ்ட், சரிசெய்த பீட்கிரிட் எல்லாம் தானாக வந்துவிடாது. மாற்றித் தரும் துணை மென்பொருள்கள் உண்டு. என்றாலும் கியூ பாயின்ட் சில மில்லி செகண்ட் தள்ளி உட்காருவது சகஜம். ஆயிரம் பாட்டு வைத்திருப்பவர் மறுபடி உட்கார்ந்து சரிபார்க்க எத்தனை இரவு ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்க.

இன்னொன்று, கருவியைச் செருகினாலே மென்பொருளின் முழு வசதியும் இலவசமாகத் திறக்குமா, அல்லது தனியாகக் காசு கட்டணுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். செராட்டோவில் லைட் பதிப்பு மட்டும் இலவசமாக வரும் கருவிகள் உண்டு. புரோ பதிப்பு வேண்டுமென்றால் தனிச் செலவு. பெட்டியில் லோகோ இருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

மென்பொருள் நிறுவனங்களின் கதையும் நிரந்தரம் இல்லை. செராட்டோவை வாங்க ஆல்ஃபாதீட்டா முயன்றது. போட்டி குறைந்துவிடும் என்று நியூசிலாந்தின் வர்த்தக ஆணையம் 2024-ல் அதைத் தடுத்தது. ஸ்ட்ரீமிங்கும் அப்படித்தான். 2020 ஜூலையில் ஸ்பாட்டிஃபை டிஜே மென்பொருள்களில் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் கை காலியானது. பாட்டு உங்கள் டிரைவில் இருக்கணும், அதற்கு ஒரு நகல் வீட்டில் இருக்கணும். இது எந்தக் கருவிக்கும் பொது விதி.

பென் டிரைவிலும் ஒரு கண்ணி இருக்கு. லேப்டாப்பில் நன்றாக ஓடும் என்டிஎஃப்எஸ் வடிவ டிரைவைக் கிளப் பிளேயர்கள் படிக்காது. ஃபேட்32 வடிவம்தான் பாதுகாப்பு. ஓபஸ்-குவாட், ஆம்னிஸ்-டுவோ, எக்ஸ்டிஜே-ஏஇசட் போன்ற புதிய ஆல்ஃபாதீட்டா கருவிகள் வேறு வகை லைப்ரரியைப் பயன்படுத்துகின்றன. பழைய டிரைவை ஒருமுறை ரெகார்ட்பாக்ஸில் செருகி மாற்றிக்கொண்டால்தான் பிளேலிஸ்ட் தெரியும். மேடையில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடிப்பவர்கள் பாவம்!

நம்ம பாட்டுக்கு இந்தக் கருவி ஒத்து வருமா?

டிஜே கருவிகள் பெரும்பாலும் 4 தாளக் கணக்கில், ஒரே வேகத்தில் ஓடும் மேற்கத்திய டான்ஸ் பாட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நம்ம குத்துப் பாட்டு பல 6/8 நடையில் போகும். 80-களின் சினிமாப் பாட்டுகள் மனிதக் கையால் வாசித்துப் பதிவானவை; வேகம் லேசாக ஏறி இறங்கும். கருவி வாங்கும்போது விற்பனையாளர் போட்டுக் காட்டும் ஹவுஸ் டிராக்கில் இந்தச் சிக்கல் தெரியாது. உங்கள் பாட்டைக் கொண்டு போய்ச் சோதிக்கணும்.

6/8 பாட்டை மென்பொருள் பல நேரம் தப்பாக எண்ணும். 180 பிபிஎம் என்று காட்டினால், அதை மூன்றில் இரண்டாக்கி 120 என்று மாற்றிப் பாருங்க. அப்போது ஒரு பாருக்கு இரண்டு பீட் என்று கணக்கு ஒத்து வரும். 2, 4, 8 பீட் லூப் எல்லாம் சரியான இடத்தில் திரும்பும். மாற்றாமல் விட்டால் 4 பீட் லூப் நடுத்தாளத்தில் வெட்டி, ஆடுபவர்கள் கால் தடுமாறும்.

அதனால் இரண்டு விஷயத்தைக் கவனிங்க. லூப் இன், லூப் அவுட் என்று கையால் போடும் பட்டன் தனியாக இருக்கணும். சின்ன மாடல்கள் சிலவற்றில் அது ஷிஃப்ட்டுக்குள் ஒளிந்திருக்கும். பழைய பாட்டுக்கு வேகம் மாறுவதைப் பின்தொடரும் டைனமிக் பீட்கிரிட் மென்பொருளில் இருக்கணும். ஜாக் வீலும் ரொம்பச் சின்னதாக இருக்கக் கூடாது. சிங்க் பட்டன் கைவிடும் இடத்தில் விரல்தான் காப்பாற்றும்.

பாட்டிலிருந்து குரலை மட்டும், தாளத்தை மட்டும் பிரிக்கும் ஸ்டெம்ஸ் வசதி இப்போது பிரபலம். பழைய பாட்டின் குரலைப் புது பீட்டில் ஏற்ற இது அருமை. ஆனால் அதற்கு வலுவான லேப்டாப் வேணும். கன்ட்ரோலருக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு எட்டு வருஷப் பழைய லேப்டாப்பில் ஸ்டெம்ஸ் ஓட்டினால், நடுவில் திணறும்.

அப்போ எந்த மாடல்?

எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. கிளப்பில் பிளேயர் இருக்கு, வீட்டுப் பயிற்சிக்கும் சின்ன பார்ட்டிக்கும் போதும் என்பவர்கள்: பயோனியர் டிஜே டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்ற இரண்டு சேனல் கன்ட்ரோலர். எடை சுமார் 2 கிலோதான், பைக்கில் எடுத்துப் போகலாம், லேப்டாப் கரண்டிலேயே ஓடும். ஆனால் மாஸ்டர் அவுட் ஆர்சிஏ மட்டும், பூத் அவுட் கிடையாது, ஒரு மைக்தான். பெரிய ஹாலுக்கு இது முதன்மைக் கருவி இல்லை. நல்ல பேக்கப் கருவி.

2. லேப்டாப்பை விட மனசில்லை, ஸ்டெம்ஸும் நாலு சேனலும் வேணும் என்பவர்கள்: 2023-ல் வந்த டிடிஜே-எஃப்எல்எக்ஸ்10 மாதிரி பெரிய கன்ட்ரோலர். எக்ஸ்எல்ஆர், பூத், இரண்டு மைக், இரண்டு யுஎஸ்பி எல்லாம் உண்டு. ஸ்க்ராட்ச் பக்கம் ஆர்வம் இருந்தால் ரேன் நிறுவனத்தின் மோட்டார் வைத்த கருவிகளையும் பார்க்கலாம். ஆனால் அவற்றைத் தூக்க கார் வேணும்.

3. லேப்டாப் வேண்டாம், கிளப் பிளேயர் பழக்கமும் கெடக் கூடாது என்பவர்கள்: 2021-ல் வந்த எக்ஸ்டிஜே-ஆர்எக்ஸ்3 இரண்டு சேனல் ஸ்டாண்ட்அலோன். பட்டன் அமைப்பு கிளப் பிளேயருக்கு நெருக்கமாக இருக்கும். எடை 9 கிலோவுக்கு மேல். நாலு சேனலும் முழு அளவு ஜாக் வீலும் வேணும் என்றால் 2024-ல் வந்த எக்ஸ்டிஜே-ஏஇசட். விலையும் எடையும் அதற்கேற்ப ஏறும்.

4. கல்யாணம், கார்ப்பரேட் நிகழ்ச்சிதான் அதிகம், கிளப் எப்போதாவது என்பவர்கள்: டெனான் டிஜே பிரைம் 4 வகை. உள்ளேயே ஹார்ட் டிரைவ் வைக்க இடம் உண்டு. சோன் அவுட் என்று தனி வெளியீடு இருப்பதால், மேடையில் குத்து ஓடும்போது சாப்பாட்டுக் கூடத்தில் மெல்லிசை ஓட விடலாம். ஆனால் இது எஞ்சின் டிஜே உலகம். கிளப்பில் சிடிஜே முன்னால் நிற்கும்போது அதற்கென்று ரெகார்ட்பாக்ஸில் தயார் செய்த இன்னொரு பென் டிரைவ் கையில் இருக்கணும்.

பழசு வாங்கலாமா? மழையை மறக்காதீங்க

செகண்ட் ஹேண்டில் வாங்குவது தப்பில்லை. நல்ல கருவி பாதி விலைக்குக்கூட அமையும். ஆனால் இந்தப் பகுதியில் ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் வீடு, கடை, குடோன் என எல்லா இடத்திலும் தண்ணீர் புகுந்தது. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அந்த மாதிரி தண்ணீரில் நனைந்து, காய்ந்து, துடைத்து விற்பனைக்கு வரும் மின்னணுப் பொருள் வெளியே பளபளப்பாகவே இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? திருகுகளின் தலையில் துரு இருக்கா பாருங்க. ஆர்சிஏ, எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்து, பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கா பாருங்க. ஒவ்வொரு நாபையும் ஃபேடரையும் பாட்டு ஓடும்போதே முழுசாக ஏற்றி இறக்குங்க. கரகர சத்தம் வந்தால் விலகுங்க. குறைந்தது ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட விடுங்க. சூடான பிறகுதான் பல கோளாறு வெளியே வரும். பில் இருக்கா, சீரியல் எண் அதோடு ஒத்துப் போகுதா என்பதையும் பார்த்துவிடுங்க. திருட்டுப் பொருள் என்றால் பணமும் போகும், போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலையணும்.

துபாய், சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர் மூலம் வாங்கினால் விலை குறையலாம். ஆனால் சுங்க வரம்பைத் தாண்டினால் வரி கட்டணும். வாரண்டி இங்கே செல்லாமல் போகலாம். ஜிஎஸ்டி பில்லோடு உள்ளூரில் வாங்கினால், கோளாறு வரும்போது போய் நிற்க ஓர் இடமாவது இருக்கும்.

இஎம்ஐ போடும் முன் ஒரு கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. கருவி, கேஸ், யுபிஎஸ் எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல், டோல், உதவியாள் சம்பளம் போக ஓர் இரவுக்கு 4,000 ரூபாய் மிஞ்சினால், போட்ட பணம் திரும்ப 60 நிகழ்ச்சி வேணும். அதே வேலையை 40,000 ரூபாய் கருவி செய்யுமென்றால் 10 நிகழ்ச்சி போதும். கேள்வி ஒன்றுதான்: பெரிய கருவி வாங்கினால், அது இல்லாததால் இப்போது கிடைக்காத எத்தனை வேலை புதுசாகக் கிடைக்கும்? எண்ணிச் சொல்ல முடியவில்லை என்றால், சின்னக் கருவியை வாங்குங்க. தேவைப்படும் இரவுக்கு மட்டும் பெரியதை வாடகைக்கு எடுங்க.

வாங்கும் நேரமும் முக்கியம். ஆடியில் கல்யாணம் இருக்காது; கடைகளில் தள்ளுபடி இருக்கும். அந்த மாதத்தில் வாங்கினால், ஆவணி முகூர்த்தம் தொடங்கும் முன் கை பழக நேரம் கிடைக்கும். மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆனால் அதே சமயத்தில்தான் டிசம்பர் 31 வருகிறது. புத்தாண்டு இரவுக்குப் புதுச்சேரியில் கூடும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். அந்த இரவுக்கு முந்தின வாரம் புதுக் கருவி வாங்கி, நேராக மேடைக்குக் கொண்டு போவதுதான் செய்யவே கூடாத காரியம்.

10 மணி விதியும் பாட்டு உரிமையும்

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. மூடிய அரங்கம், விருந்து மண்டபம் போன்றவற்றுக்குள் மட்டும் விலக்கு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. வணிகப் பகுதியில் 65, 55. கலாசார, மத விழாக்களுக்காக வருஷத்துக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம்.

இதற்கும் கன்ட்ரோலருக்கும் என்ன சம்பந்தம்? லான் ரிசப்ஷன் மட்டுமே வாசிப்பவரின் வேலை 10 மணிக்கு முடிந்துவிடும். அவருக்கு நாலு சேனல், பெரிய பூத் அவுட் எல்லாம் அதிகச் செலவு. நடுராத்திரி வரை வேலை இருப்பது மூடிய கிளப்பில்தான். அங்கே நாலைந்து மணி நேரம் சூடாகாமல், நிற்காமல் ஓடும் கருவி வேணும்.

பாட்டு உரிமையைப் பொறுத்தவரை, கல்யாணமும் அது சார்ந்த சடங்கு, ஊர்வலம், கொண்டாட்டமும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவின் கீழ் விலக்கு பெறுகின்றன. கிளப்புக்கு அந்த விலக்கு கிடையாது. அங்கே லைசென்ஸ் யார் எடுத்திருக்காங்க என்று வாய்மொழியாகக் கேட்காமல், ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

முதல் மேடைக்கு முன் 5 சோதனை

- உங்கள் முழு செட்டையும் வீட்டில் மூன்று மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்க. மின்விசிறி இல்லாத அறையில் ஓட்டினால் இன்னும் நல்லது.

- பாட்டு ஓடும்போது யுஎஸ்பியைப் பிடுங்கிப் பாருங்க. எத்தனை நொடியில் மீண்டு வருகிறீர்கள் என்று எண்ணுங்க. அது பழகணும்.

- மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்க. யுபிஎஸ் தாங்குகிறதா?

- ஒரே மாதிரி தயார் செய்த இரண்டு பென் டிரைவ், போனில் ஒரு மணி நேர மிக்ஸ், அதற்கு ஆக்ஸ் கேபிள். இந்த மூன்றும் பையில் நிரந்தரமாக இருக்கட்டும்.

- ஃபர்ம்வேர், மென்பொருள் அப்டேட் எதையும் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் செய்யாதீங்க. நிகழ்ச்சி முடிந்த மறுநாள் செய்யுங்க.

பழைய கருவியையும் உடனே விற்றுவிட வேண்டாம். பாதி ஓடும் கன்ட்ரோலருக்குச் சந்தையில் கிடைப்பது சொற்பம். அதுவே காரின் டிக்கியில் இருந்தால், புதுசு காலை வாரும் இரவில் மறுபடி மேடை ஏற அது போதும். குறைந்தது ஒரு சீசனாவது இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போங்க.